வீட்டை உலுக்கும் மாதம்

ஹமதான்
1346, எஸ்ஃபந்த் 1

அன்புள்ள தூபாவுக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கை பத்ரியும் அவள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். ஷீராஸ் போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுதிப் போடுவாய் என்று பார்த்தேன். ஒரு வாரம் ஆகிறது. பஸ் நிலையத்தில் விசாரித்தேன். அந்த வண்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்றார்கள்.

இங்கே இன்னும் பனி விடவில்லை. அல்வந்த் மலை உச்சியிலிருந்து அடிவாரம்வரை வெள்ளையாகவே நிற்கிறது. நீ சுருட்டிப் போட்டுவிட்டுப் போன கம்பளம் கூடத்தின் நடுவே அப்படியே கிடக்கிறது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அதைத் தாண்டிப் போகிறேன், மாலையில் தாண்டி வருகிறேன். நேற்று கால் தடுக்கி, கையில் இருந்த தேநீர்க் குவளை உடைந்துபோயிற்று.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். "புத்தாண்டுக்குச் சுத்தம் பண்றேன்னு வருஷா வருஷம் எதுக்கு இப்படி வீட்டையே புடிச்சு உலுக்குற? நம்ம வீட்டுக்கு யாரு வரப்போறா?" என்று கேட்டேன். உன் முழங்கால் வலியை நினைத்துக் கேட்டது. நீ சண்டை போட்டிருக்கலாம். கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, "நான் பத்ரி வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினால் அது என் கேள்விக்குப் பதிலாகுமா? புவியியல் தேர்வில் ஒரு பையன் இப்படிப் பதில் எழுதினால் நான் என்ன மதிப்பெண் போடுவேன் என்று உனக்கே தெரியும்.

சர்க்கரைக் கட்டி எங்கே இருக்கிறது? பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கிறேன்.

எப்போது வருகிறாய் என்று உடனே எழுது. இந்த எஸ்ஃபந்த் மாதம் முடிந்து புத்தாண்டு பிறக்குமுன் வந்துவிட வேண்டும்.

உன்,
ஹெஷ்மத்

•

ஷீராஸ்
எஸ்ஃபந்த் 5

மதிப்பிற்குரிய வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சர்க்கரைக் கட்டி, அது எப்போதும் இருக்கும் இடத்தில், அடுக்களை மேல்தட்டில் நீல ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது.

இங்கே வெயில் வந்துவிட்டது. நாரத்தை மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. என் முழங்காலுக்கு இந்தச் சூடு இதமாக இருக்கிறது. பத்ரியும் அவள் இரண்டு மருமகள்களும் வீட்டை உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வெள்ளிச் சாமான்களைத் துடைக்கக் கொடுத்திருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களை உட்கார்ந்தபடி பார்ப்பது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

கம்பளம் கூடத்தின் நடுவில் கிடந்தால் கிடக்கட்டும். நம் வீட்டுக்குத்தான் யாரும் வரப்போவதில்லையே.

தூபா

•

ஹமதான்
எஸ்ஃபந்த் 9

அன்புள்ள தூபாவுக்கு,

நீ எழுதியிருக்கும் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். குத்திக்காட்டுகிறாய் என்று புரிகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ராஹேல் அம்மாள் தன் யூதப் பண்டிகைக்காக வீட்டையே வெளியே கொண்டுவந்து போட்டிருந்தாள். பாய், தலையணை, பாத்திரம், எல்லாம் வெயிலில். என்னைப் பார்த்ததும் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"என்ன வாத்தியாரே, தூபா இல்லைன்னா உங்க வீட்டுக்கு வசந்தம் வராதா?"

"வரும், வரும். எங்க வீட்டுக்கும் வழி தெரியும் அதுக்கு."

"வழி தெரிஞ்சு என்ன பண்ண? வாசல்ல பனி அள்ளுன மண்வெட்டி அப்படியே கிடக்கு. அதுல தடுக்கி விழுந்துரும்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. உலகத்தின் ஆறுகளையும் மலைகளையும் பையன்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு மூன்று அறை உள்ள ஒரு வீடு பெரிதா என்று கோட்டைக் கழற்றினேன். எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்தேன். படுக்கையறைக் கணப்பின் புகைக்குழாய் கண்ணில் பட்டது. குளிர்காலம் முடிந்தால் அதைத்தானே முதலில் கழற்றுவாய்? நாற்காலியில் ஏறி ஒரு இழு இழுத்தேன்.

தூபா, குழாய்க்குள் இத்தனை கரி இருக்கும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு குளிர்காலத்துக் கரி அத்தனையும் என் தலையில் கொட்டிற்று. கண்ணைத் திறந்து பார்த்தால் சுவர், படுக்கை, திரைச்சீலை, எல்லாம் ஒரே நிறம். முகம் கழுவ முற்றத்துக்குப் போனேன். ராஹேல் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து அவள் புருஷன் யாகூபையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

சுவரில் ஈரத்துணியால் துடைத்தேன். கரி சுவருக்குள் போய்விட்டது. இப்போது என்ன செய்வது? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இரவில் அந்த அறையில் படுத்தால் சுரங்கத்தில் படுத்த மாதிரி இருக்கிறது.

உன்,
ஹெஷ்மத்

•

ஷீராஸ்
எஸ்ஃபந்த் 13

வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் பத்ரிக்குப் படித்துக் காட்டினேன். பத்ரி மருமகள்களுக்குப் படித்துக் காட்டினாள். அவர்கள் அதை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் யாருக்கோ காட்டியிருக்கிறார்கள். ரொட்டிக் கடைக்குப் போனால், "கரி வாத்தியார் எப்படி இருக்காரு?" என்று கேட்கிறார்கள்.

கரிபட்ட சுவரில் தண்ணீர் படக் கூடாது. முதலில் காய்ந்த துடைப்பத்தில் பழந்துணி சுற்றி மேலிருந்து கீழாக மெல்லத் தட்ட வேண்டும். இனி அது உதவாது. நன்றாகக் காயவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள், இரண்டு தடவை. எதைச் செய்தாலும் மேலிருந்து ஆரம்பியுங்கள். கூரை, பிறகு சுவர், பிறகு ஜன்னல், தரை கடைசி. குழாயைக் கழற்றுமுன் அதன் வாயில் துணி அடைப்பேன். ஜன்னல் கண்ணாடிக்கு வினிகர் கலந்த தண்ணீரும் பழைய செய்தித்தாளும். செய்தித்தாளைப் படிக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது ஆச்சரியமில்லை. வருஷா வருஷம் இந்த மாதம் பிறந்தால் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் சிநேகிதர் மன்சூரின் தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். எல்லாம் முடிந்து புதுத் திரை மாட்டிய பிறகு வருவீர்கள். "வீடு பளிச்சுனு இருக்கே" என்பீர்கள். நான் அதற்கே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேரில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நமக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஆனபோது உங்கள் அத்தை புத்தாண்டுக்கு வந்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள இல்லாத வீடு சீக்கிரம் தூசி படிஞ்சு போகும்" என்று என் காதில் விழும்படி சொன்னாள். அன்றைக்கு அந்த விளிம்பில் தூசி இருந்தது. அதன் பிறகு ஒரு வருஷமும் இருந்ததில்லை. அவள் செத்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் அதை உங்கள் வாயால் சொல்லியிருக்க வேண்டாம்.

தூபா

•

ஹமதான்
எஸ்ஃபந்த் 17

என் தூபாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

என் அண்ணனும் உன் தம்பியும் தெஹ்ரானுக்குக் குடிபோய்விட்டார்கள், இந்த வருஷம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில்தான் அப்படிக் கேட்டேன். சத்தியமாக வேறு ஒன்றும் என் மனதில் இல்லை. ஆனால் அது உன் காதில் எப்படி விழும் என்று யோசித்தேனா என்றால், இல்லை. அத்தை சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளை எதிர்த்துப் பேசியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்போதும் நான் தோட்டத்தில்தான் இருந்திருப்பேன்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. செய்த வேலையை எழுதுகிறேன்.

நீ சொன்னபடி மேலிருந்து ஆரம்பித்தேன். படுக்கையறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. கூடத்தில் கணப்பு மேசையைப் பிரித்து, அதன் அடியில் நெருப்பு வைக்கும் சாம்பல் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மேசைமேல் போர்த்தியிருந்த மெத்தைகளைச் சுவரில் போட்டு அடித்தேன். அடிக்க அடிக்கத் தூசி வந்துகொண்டே இருந்தது. நாம் குளிர்காலம் முழுக்க அவற்றுக்குள் காலை நீட்டிக்கொண்டு வறுத்த விதை கொறித்தோமே, அந்தத் தோலெல்லாம் வந்தது. என்னுடைய பேனா மூடியும் வந்தது. நீதான் தொலைத்தாய் என்று சொன்னேனே, அது.

பிறகு கம்பளம். யாகூப் ஒரு முனையைப் பிடிக்க, நான் ஒரு முனையைப் பிடிக்க, முற்றத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் விரித்தோம். காற்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, சோப்பு நுரையில் ஏறி மிதித்தேன். தண்ணீர் பனி உருகின தண்ணீர். கால் மரத்துப்போனது. "இடுப்பை வளைங்க வாத்தியாரே, பாடம் நடத்துற மாதிரி நிக்காதீங்க" என்று ராஹேல் அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டாள். உன் முழங்கால் ஏன் வலிக்கிறது என்று எனக்குப் புரிய அரை மணி நேரம்தான் ஆனது.

இப்போது கெட்ட செய்தி. காய்ந்த பிறகு பார்த்தேன். ஒரு மூலையில் சிவப்புச் சாயம் இறங்கி, வெள்ளை இடமெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் நீயே உட்கார்ந்து நெய்த கம்பளம். அதைக் கெடுத்துவிட்டேன். சாயக்காரனிடம் ஓடினேன். ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டான்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
ஹெஷ்மத்

•

ஷீராஸ்
எஸ்ஃபந்த் 21

என் வாத்தியாருக்கு,

எந்த மூலை? வாசலில் நின்று பார்த்தால் இடதுகைப் பக்கம், மான் கொம்பு மாதிரி ஒரு கோலம் வருமே, அதற்குக் கீழேயா? அப்படியானால் அது உங்கள் வேலை இல்லை, என் வேலை. கல்யாணமான இரண்டாம் வருஷம் கம்பளம் சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று வெந்நீரை ஊற்றினேன். சாயம் இறங்கிவிட்டது. அன்று பகல் முழுக்க அழுதேன். நீங்கள் தோட்டத்திலிருந்து வருவதற்குள் அந்த மூலைமேல் துணிப்பெட்டியை இழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தலாம் என்று நீங்கள் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். நான் ஏன் விடவில்லை என்று இப்போது தெரிந்ததா? சாயக்காரன்வரைக்கும் ஓடினீர்களாம். பாவம்.

இதைப் படித்தபோது பத்ரி, "அக்கா, நீ சிரிக்கிறியா அழறியா, ஏதாவது ஒண்ணப் பண்ணு" என்றாள்.

உங்களை எதிர்த்துப் பேசச் சொல்லி நான் எழுதவில்லை. அத்தைக்கு நானே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாததைத்தான் இத்தனை வருஷமாகத் துடைப்பத்தால் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எழுதிவிட்டேன், இப்போது லேசாக இருக்கிறது. அவ்வளவுதான். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

புத்தாண்டுக்கு நான் வரவில்லை. கோபத்தினால் இல்லை. பத்ரியின் கடைசிப் பெண்ணுக்குப் புத்தாண்டுக்குப் பிறகு நிச்சயம். பெரியம்மா இருந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கும் இருக்க ஆசை. "அத்தானுக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே, பஸ் ஏறி வரச் சொல்லு" என்கிறாள் பத்ரி. அது பத்ரி சொன்னது. நான் சொல்லவில்லை.

வருவதாக இருந்தால் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் குளிரும்.

தூபா

•

ஹமதான்
எஸ்ஃபந்த் 25

என் தூபாவுக்கு,

பஸ்ஸுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். பள்ளி மூடியதும் கிளம்புகிறேன். ஆண்டு பிறக்கும் நேரத்துக்கு முன்னால் உங்கள் வாசலில் இருப்பேன் என்று பத்ரியிடம் சொல். உன்னிடம் சொல்லவில்லை.

வீடு முடிந்தது. நேற்று கடைசியாகத் தரையைத் துடைத்து, கம்பளத்தை விரித்தேன். பெட்டியை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டேன். ரோஜா மூலை இப்போது வெளிச்சத்தில் கிடக்கிறது. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

ஒரு குவளைத் தேநீர் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். சுண்ணாம்பு வாசனை. கண்ணாடி வழியாக மலை அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவ்வளவு வெளிச்சம் நம் வீட்டுக்குள் வரும் என்று நான் கவனித்ததே இல்லை. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் இதைக் காட்ட ஒரு ஆள் இல்லையே என்று இருந்தது. எழுந்துபோய்ச் சுவருக்கு மேலாக, "யாகூப், ராஹேல் அம்மா, ரெண்டு பேரும் தேநீருக்கு வாங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தார்கள். ராஹேல் அம்மாள் உட்காரவே இல்லை. கதவுச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேறிட்டீங்க" என்றாள். யாகூப் மட்டும் என் காதோடு, "என்னை மாட்டி விட்டுட்டீங்களே வாத்தியாரே. அடுத்த வருஷம் நான் எங்க போய் ஒளியறது?" என்றான்.

அவர்கள் போன பிறகு ஒன்று தோன்றிற்று. பிள்ளை வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அதை உன்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேசினால் உனக்கு வலிக்கும் என்று தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். உனக்கு அது வேறு மாதிரி பட்டிருக்கும். இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்தான். இந்த ஒரு தடவை மட்டும்.

உன்,
ஹெஷ்மத்

•

ஆபாதேவுக்குத் தெற்கே, ஷீராஸ் சாலையில் ஒரு தேநீர்க் கடை
எஸ்ஃபந்த் 30

என் தூபாவுக்கு,

கவலைப்படாதே. நன்றாக இருக்கிறேன். கணவாயில் பனி விழுந்து வழி அடைத்துவிட்டது. எங்கள் பஸ் காலையிலிருந்து இங்கே நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர் ஷீராஸ்காரர், உங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சக்கரத்துக்குச் சங்கிலி போட்டிருக்கிறார். மெதுவாகப் போய்விடுவேன் என்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருக்காதே.

மதியத்துக்கு மேல் ஆயிற்று, வண்டி போகாது என்று தெரிந்துவிட்டது. ஆண்டு மாலையில் பிறக்கவிருந்தது. பஸ்ஸில் வந்த எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடையைப் பார்த்தால் குளிர்காலம் முழுக்கத் துடைப்பம் படாத கடை. கண்ணாடியில் புகை, பலகையில் எண்ணெய், தரையில் முட்டை ஓடு. கடைக்காரர் மனைவிக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறதாம். "இந்த வருஷம் ஒண்ணும் உலுக்க முடியலைங்க. நீங்க வந்து இதைப் பார்க்கணும்னு இருக்கு" என்று அவள் கூச்சப்பட்டாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, கோட்டைக் கழற்றினேன். "வினிகர் இருக்கா? பழைய செய்தித்தாள்?" என்று கேட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுக்கு ஜன்னலில் ஆரம்பித்தேன். ஒரு தடித்த வியாபாரி, "ஐயா, கீழ இருந்து தொடைக்கிறதுதான் சுலபம்" என்றார். "மேலேர்ந்து வரணும். தரை கடைசி. உங்க வீட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் மனைவி அங்கேயே இருந்தாள். "அவருக்கு எங்க தெரியும்?" என்று துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம் யாரும் சும்மா உட்காரவில்லை. டிரைவர் பலகைகளை வெளியே தூக்கிப் போட்டுப் பனியாலேயே தேய்த்தார். கடைக்காரர் மனைவியை மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். தேய்த்த கரண்டிகளைத் துடைக்கக் கொடுத்தோம்.

ஆண்டு பிறக்கும்போது ஏழு பொருள் வைப்போமே, அதற்கு ஒரு பலகையில் துணி விரித்தோம். ஆப்பிள் ஒருத்தர் பையில் இருந்தது. பூண்டும் வினிகரும் கடையில் இருந்தன. காசு எல்லாரிடமும் இருந்தது. உனக்காக மடியில் வைத்துக்கொண்டு வந்த பூச்செடியை நான் நடுவில் வைத்தேன். வானொலி கரகரத்தது. ஆண்டு பிறந்ததற்கான பீரங்கிச் சத்தம் அதில் கேட்டதும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டோம். நம் கல்யாணத்துக்குப் பிறகு நீ இல்லாமல் எனக்குப் பிறந்த முதல் ஆண்டு இது.

கடைக்காரர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வீட்டம்மாவுக்கு ரொம்ப ஒத்தாசையா இருப்பீங்க போல" என்றாள்.

"இந்த வருஷத்துலேர்ந்து" என்றேன்.

நாளை வழி திறக்கும் என்கிறார்கள்.

உன்,
ஹெஷ்மத்

•

ஷீராஸ்
1347, ஃபர்வர்தீன் 1

என் ஹெஷ்மத்துக்கு,

லாரிக்காரர் காலையிலேயே வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். தேநீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இப்போதே வடக்கே திரும்புகிறார். நீங்கள் இன்னும் அங்கேயே இருந்தால் கொடுக்கச் சொல்லி இதை எழுதுகிறேன். நானும் ஏறிவிடப் பார்த்தேன். பத்ரி செருப்பை ஒளித்துவைத்துவிட்டாள்.

நேற்று ஆண்டு பிறந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனும் சோறும் உங்களுக்கு எடுத்து மூடி வைத்தோம். இன்று புதிதாகச் செய்கிறோம். பழசைச் சாப்பிட வைக்க மாட்டேன்.

பூச்செடியை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டு வாருங்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்.

நிச்சயம் முடிந்ததும் இரண்டு பேருமாகவே ஊருக்குத் திரும்புவோம். இரவு பஸ் வேண்டாம். பகலில் போய் இறங்குகிற வண்டியாகப் பாருங்கள். நான் உள்ளே நுழையும்போது வெளிச்சம் இருக்க வேண்டும்.

உங்கள்,
தூபா